தண்ணீருக்குப் பயந்து வீதியில் ஓடுபவர்களுக்கு

முதல் ட்ரயத்லனுக்கு (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே தொடராகச் செய்யும் போட்டி) தயாராகிறேன் என்று என்னிடம் வருபவர்களில் பலர் காட்டுவது காலைத்தான். ஒன்றில் முழங்கால் சிரட்டையைச் சுற்றி நோவு, இல்லாவிட்டால் கெண்டைக்காலின் உட்பக்கம் எலும்போடு ஒட்டிய நோவு. கிழமைக்கு எத்தனை நாள் ஓடுகிறீர்கள் என்று கேட்டால் ஆறு நாள் என்பார்கள். நீச்சல் எப்படி என்றால் பேச்சு நின்றுவிடும்.

இயன்மருத்துவராக (பிசியோதெரபிஸ்ட்) இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். தண்ணீர்ப் பயம் ஆளை வீதிக்குத் துரத்துகிறது, வீதி என்னிடம் அனுப்பிவைக்கிறது.

புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கும் ஸ்பிரிண்ட் என்ற குறுகிய தூரம் 750 மீற்றர் நீச்சல், 20 கிலோமீற்றர் சைக்கிள், 5 கிலோமீற்றர் ஓட்டம். கடைசி ஐந்தைக் களைத்தால் நடந்தும் முடிக்கலாம். சைக்கிளுக்கு, மட்டக்களப்பிலிருந்து காத்தான்குடி, ஆரையம்பதி தாண்டிக் களுவாஞ்சிக்குடி வரை ஏற்ற இறக்கம் இல்லாத வீதி இருக்கிறது. விடியப்புறம் போனால் பஸ் தொல்லையும் குறைவு. மிஞ்சுவது அந்த 750 மீற்றர்தான்.

நம் ஊரில் கடல் பயத்தைச் சும்மா கூச்சம் என்று தள்ளிவிட முடியாது. 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த அன்று கல்லடியிலும் நாவலடியிலும் பிள்ளைகளாக இருந்தவர்கள் இன்று முப்பதை ஒட்டிய வயதில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் ஓர் ஆசிரியை. முழங்கால் நோவுக்குத்தான் வந்தார். மூன்றாம் முறை வந்தபோதுதான் வாய் திறந்தார்: "தண்ணி முகத்தில பட்டாலே மூச்சு அடைக்குது மிஸ்."

அன்று முழங்காலை விட்டுவிட்டேன். ஒரு பிளாஸ்டிக் பேசினில் தண்ணீர் நிரப்பி மேசையில் வைத்து, முகத்தை வையுங்கள் டீச்சர் என்றேன். தோள் இரண்டும் காதைத் தொடும் அளவுக்கு உயர்ந்துவிட்டன. பேசின் விளிம்பைப் பிடித்த விரல்கள் வெளுத்துப்போயின. ஒரு குமிழிகூட வரவில்லை. மூச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பிழை அங்கேதான் இருக்கிறது. பயந்தவர் மூச்சை உள்ளே பூட்டிவைக்கிறார். மூச்சு முட்டும் உணர்வைக் கிளப்புவது பெரும்பாலும் ஒட்சிசன் குறைவு அல்ல, உடலில் சேரும் காபனீரொட்சைட்டு. வெளியே விடாதவருக்கு அது சேர்ந்துகொண்டே போகும். உடனே தலையைத் தூக்குவார், தலை தூக்கினால் கால் தாழும், கால் தாழ்ந்தால் பயம் இன்னும் கூடும். அதனால் கையடி காலடிக்கு முன்னால் பழக வேண்டியது மூச்சு விடுவது. முகம் தண்ணீருக்குள் இருக்கும்போது "ம்ம்ம்" என்று மெதுவாக முனகுங்கள். மூக்கால் காற்று வெளியே வந்துகொண்டிருக்கும்வரை தண்ணீர் உள்ளே ஏறாது. வீட்டில் தினமும் ஐந்து நிமிடம் போதும். தோள் தானாக இறங்கும் நாள் வரும், அதுவரை ஆழத்துக்குப் போகத் தேவையில்லை.

அடுத்தது நெஞ்சளவுத் தண்ணீர். மல்லாந்து மிதக்கப் பழகுங்கள், அதுதான் நடுக்கடலில் உங்கள் ஓய்வு நாற்காலி. பலருக்குத் தெரியாத ஒன்று: ட்ரயத்லன் விதிப்படி எந்த முறையிலும் நீந்தலாம், களைத்தால் மிதவையையோ நிற்கும் படகையோ பிடித்துக்கொண்டு இளைப்பாறலாம். அதைப் பிடித்தபடி முன்னேறக் கூடாது, அவ்வளவுதான். இதைச் சொன்னதும் அந்த டீச்சரின் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன்.

பழகும் இடத்தில் கவனம் வேண்டும். பாசிக்குடாவில் வெகுதூரம் வரை ஆழம் குறைவு, அலையும் அடக்கம். கல்லடிக் கடலில் இழுவை இருக்கிறது, அங்கே தொடங்காதீர்கள். வாவி அமைதியாகத் தெரிந்தாலும் அதில் முதலை உண்டு. வாடைக்காற்றுக் காலத்தில், ஐப்பசி தொடங்கித் தை வரை, கடல் பக்கமே வேண்டாம். எப்போதும் நீந்தத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். நீரோட்டம் இழுத்தால் எதிர்த்துப் போராடாமல் கரைக்குச் சமாந்தரமாக நீந்தி விலகி, பிறகு கரைக்குத் திரும்புங்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ட்ரயத்லனில் நடக்கும் மரணங்களில் பெரும்பாலானவை நீச்சலின்போதே நடக்கின்றன, பலவற்றில் இதயக் கோளாறு சம்பந்தப்பட்டிருக்கிறது. நாற்பது வயது தாண்டியவர்கள், பிறஷர் உள்ளவர்கள், வீட்டில் யாருக்காவது இளவயதில் மாரடைப்பு வந்திருப்பவர்கள், ஓடும்போது நெஞ்சு இறுக்கமோ மயக்கமோ வந்தவர்கள் முதலில் டொக்டரிடம் காட்டி, தேவைப்பட்டால் ஈசிஜி எடுங்கள். சீனி வருத்தத்துக்கு இன்சுலின் போடுபவர்களும், சீனியைச் சட்டென்று இறக்கும் குளிசை எடுப்பவர்களும் கேட்காமல் தண்ணீரில் இறங்கவே கூடாது. வீதியில் தலை சுற்றினால் உட்காரலாம், தண்ணீரில் உட்கார இடமில்லை.

சரி, முழங்காலுக்கும் வருவோம். சைக்கிளின் சீட் தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்பக்கம் நோகும். குதிக்காலைப் பெடலில் வைத்து அதைக் கீழே கொண்டுபோகும்போது கால் நேராக நீள வேண்டும், அதுதான் சீட்டின் உயரம். அண்ணனின் சைக்கிளை அப்படியே எடுத்து ஓட்டுபவர்களுக்கு இது முக்கியம். ஓட்டம் கிழமைக்கு மூன்று நாள் போதும். ஒரு நாள் சைக்கிளால் இறங்கிய கையோடு பத்து நிமிடம் ஓடிப் பாருங்கள், கால் மரக்கட்டை போல இருக்கும். அது நோய் இல்லை, பழகிவிடும். கச்சான் என்ற வெக்கைக் காற்று அடிக்கும் மாதங்களில் உடல் சூட்டுக்குப் பழக இரண்டு கிழமை கொடுங்கள். நீண்ட பயிற்சிக்கு வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடிக்காமல் ஜீவனியும் (உப்பும் சீனியும் கலந்த கரைசல்) சேர்த்துக்கொள்ளுங்கள்.

டீச்சர் இன்னும் எந்தப் போட்டிக்கும் பெயர் கொடுக்கவில்லை. போன ஞாயிறு தங்கச்சியோடு பாசிக்குடாவுக்குப் போய், நெஞ்சளவுத் தண்ணீரில் முகத்தை வைத்து முனகியிருக்கிறார். பதினொரு முறை என்று எண்ணி வந்து சொன்னார்.