மூன்று நாள் வராத பிள்ளை

நுவரெலியா மாவட்டத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தராகப் பணிபுரியும் எனக்கு, ஒரு பிள்ளை ஆபத்தில் இருக்கிறது என்பதை முதலில் சொல்வது பாடசாலையின் வரவுப் பதிவேடுதான். பொலிஸில் முறைப்பாடு வரும்போது, பெரும்பாலும் பிள்ளை ஊரைவிட்டுப் போயிருக்கும்.

10ஆம் தர வகுப்பாசிரியர் ஒருவர் மூன்று நாள் தொடர்ந்து வராத பிள்ளையின் பெயரைப் பென்சிலால் வட்டமிடுவார். அவ்வாறு வட்டமிட்ட ஒரு பெயருக்காக அவரோடு, தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான ஒரு லயத்துக்குப் போனேன். (அடையாளம் தெரியாதிருக்கச் சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.) தாய் வளைகுடா நாடொன்றில் பணிப்பெண், தகப்பன் கொழும்பில் கடையொன்றில் வேலை, வீட்டில் அம்மாயியும் (தாயின் தாய்) இரண்டு பிள்ளைகளும். சுவரில் புத்தகப்பை ஆணியில் தொங்கியது. அதன் கீழே, விலைச்சீட்டுக்கூடக் கிழிக்கப்படாத புதிய பயணப்பை ஒன்று இருந்தது. மாமா முறையான ஒருவர் முற்பணம் கொடுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை கொழும்பு பஸ்ஸில் அனுப்புவதாகப் பேச்சு. "சின்னப் புள்ளைய பாத்துக்கிற வேலதானே மிஸ், நல்ல எடம்னு சொன்னாங்க" என்றார் அம்மாயி. அவர் கல்நெஞ்சக்காரர் அல்லர். கடைக்கடனும் பாட்டனாரின் சாவுச் செலவும் அவர் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தன.

அந்த நல்ல இடத்தைப் பற்றி மலையகத்துக்குத் தெரியாததா? கொழும்பில் வீட்டு வேலைக்குச் சென்ற, எங்கள் மாவட்டத்து டயகமவைச் சேர்ந்த சிறுமி 2021 ஜூலையில் தீக்காயங்களோடு வைத்தியசாலையில் உயிரிழந்தபோது தோட்டந்தோட்டமாக மக்கள் அழுதார்கள். 2021ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டத்தின்படி வேலைக்கு அமர்த்துவதற்கான குறைந்தபட்ச வயது 14 இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டுவிட்டது. தண்டனைச் சட்டக்கோவையின் 360சி பிரிவோ, 18 வயதுக்குட்பட்ட பிள்ளையைக் கட்டாய வேலைக்காகவோ பாலியல் சுரண்டலுக்காகவோ திரட்டுவதையும் கொண்டு செல்வதையும், பிள்ளை சம்மதித்திருந்தாலும் ஆட்கடத்தல் என்றே கொள்கிறது. ஆகவே "புள்ளதான் போறேன்னு சொல்லுச்சு" என்ற வாதம், பிள்ளையை வேலைக்கு அழைத்துச் செல்லும் தரகரைக் காப்பாற்றாது.

தரகர் பெரும்பாலும் அந்நியராக இருப்பதில்லை என்பதை எனது அனுபவத்திலிருந்து அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தீபாவளிக்கோ பொங்கலுக்கோ புது உடுப்போடு ஊர் திரும்பும் உறவினர், பக்கத்து லயத்து அக்கா, நம்பிக்கையானவர் என்று பெயரெடுத்த ஒருவர், இவர்கள் வழியாகவே அழைப்பு வருகிறது. அதற்கு வாய்ப்பான காலங்களும் உண்டு. தோட்டப் பாடசாலைகள் பல 5ஆம் தரத்தோடு நின்றுவிடுவதால், 6ஆம் தரத்துக்குத் தூரத்துப் பாடசாலைக்குப் பஸ் காசு தேட வேண்டியிருப்பது ஒன்று. 11ஆம் தரத்தின் இறுதியில் எழுதும் சாதாரண தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை பிள்ளை சும்மா இருக்கும் மாதங்கள் மற்றொன்று. இரண்டாவதையே நான் அதிகம் அஞ்சுகிறேன். பெறுபேறு எப்படியிருந்தாலும் உயர்தர வகுப்பின் தொழிற்கல்விப் பிரிவில் சேர்வதற்கு 2017இல் வழி திறக்கப்பட்டது என்பது தெரியாமலேயே, எத்தனையோ பெற்றோர் "பாஸாகல்ல, இனி என்ன செய்ய" என்று பிள்ளையின் படிப்பை முடித்துவிடுகிறார்கள்.

அதே இடைவெளியில்தான் இளவயதுத் திருமணமும் நுழைகிறது. தாய் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில், பெண்பிள்ளையை ஒருவன் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டால் பாதுகாப்பு என்று பெரியவர்கள் நினைக்கிறார்கள். பொதுத் திருமணச் சட்டத்தின் கீழ் 18 வயதுக்கு முன் பதிவு செய்ய முடியாது. ஆதலால் கோயிலில் தாலி கட்டுவதோடு காரியம் முடிந்துவிடுகிறது. பெண்ணுக்கு 16 நிரம்பாவிட்டால், அவள் சம்மதித்திருந்தாலும் அவளோடு கொள்ளும் உடலுறவு சட்டத்தின் முன் பாலியல் வல்லுறவு. இதை அறிந்த குடும்பம் கர்ப்பத்தை மறைக்கிறது; கிளினிக் போக வேண்டிய பிள்ளை அறைக்குள் அடைபடுகிறது. திருமணப் பதிவு இல்லாததால், தாய் தகப்பன் இருவரும் சேர்ந்து கேட்டாலன்றிக் குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் ஏறுவதுமில்லை.

கட்டாயக் கல்வி வயது 2016 முதல் 5 இலிருந்து 16 வரை. எனவே, வராத பிள்ளையைத் தேடிச் செல்வது ஆசிரியர் செய்யும் உபகாரம் அன்று, கடமை. முதல் வாரத்தில் போனால் பேசிப் பார்க்க முடிகிறது. ஒரு மாதம் கழித்துப் போனால் முகவரிகூடக் கிடைப்பதில்லை. சந்தேகம் தோன்றினால் அயலவர் எவரும் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு 24 மணிநேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். பிரதேச செயலகத்துக்கு நேரில் வந்து எங்களிடமும் சொல்லலாம்.

அம்மாயியோடு அன்று மாலைவரை பேசினோம். தாயை வாட்ஸ்அப்பில் அழைத்து எல்லாவற்றையும் சொன்னபோது, அவர் முதலில் கேட்டது மகளின் பரீட்சைத் திகதியை. முற்பணத்தைத் தாமே அனுப்பித் திருப்பிக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். திங்கட்கிழமை பிள்ளை வகுப்பில் இருந்தாள்.

இந்த வாரம் அந்த ஆசிரியரின் பதிவேட்டில் இன்னும் இரண்டு பெயர்களைச் சுற்றி வட்டம் இருக்கிறது. நாளை முதல் பஸ்ஸில் அந்தத் தோட்டத்துக்குப் போகிறோம்.