திருவாதிரை வெடித்தால் நமக்கு என்ன ஆகும்?

மார்கழி பிறந்தால் போதும், 'திருவாதிரை நட்சத்திரம் வெடிக்கப் போகிறது, பூமிக்கு ஆபத்து' என்ற வாட்ஸ்அப் செய்தி மறுபடி சுற்ற ஆரம்பித்துவிடும். வடசென்னையில் ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை மொட்டைமாடிகளில் டெலஸ்கோப் வைத்துப் பிள்ளைகளுக்கு வானம் காட்டுகிற இயற்பியல் ஆசிரியன் நான். அந்தச் செய்தியைப் பற்றி யாராவது கேட்காமல் இருப்பதில்லை. ஒரு ஆயா நேராகவே கேட்டார்: "என் பேத்தி திருவாதிரை நட்சத்திரம் சார். அது வெடிச்சா இவளுக்கு எதனா ஆயிடுமா?"

"ஒண்ணும் ஆவாதும்மா."

செய்தியில் பாதி உண்மை இருக்கிறது, அதுதான் வம்பு. திருவாதிரை கடைசிக் காலத்தில்தான் இருக்கிறது. சூரியனைவிடப் பதினைந்து, இருபது மடங்கு நிறை. வயதோ சுமார் 1 கோடி ஆண்டுதான். 460 கோடி வயதான சூரியன் இன்னும் 500 கோடி ஆண்டு ஓட்டும். பெரிய நட்சத்திரங்களுக்கு அற்பாயுசு. நிறை கூடக் கூட மையத்தில் சூடு ஏறி, ஹைட்ரஜனைக் கன்னாபின்னாவென்று எரித்துத் தீர்த்துவிடும். பிறகு ஹீலியம், கார்பன் என்று போய் இரும்பில் வந்து முட்டி நிற்கும். இந்த எரிதல் என்பது அணுக்கருக்கள் ஒன்றோடொன்று இணைந்து ஆற்றல் தருவது; இரும்பை இணைத்தால் ஆற்றல் கிடைக்காது. தாங்க எதுவுமில்லாமல் மையம் ஒரு விநாடிக்குள் இடிந்து விழும். அதுதான் சூப்பர்நோவா.

எப்போது? அடுத்த 1 லட்சம் ஆண்டுக்குள் என்பது கணிப்பு. 2019 கடைசியில் அது மங்கியதும் 'இதோ வெடிக்கிறது' என்று பரபரத்தார்கள். அது கக்கிய தூசிதான் நம் பார்வையை மறைத்தது. சில மாதங்களில் பழைய ஒளிக்குத் திரும்பிவிட்டது. வெடித்தாலும் 500 ஒளியாண்டுக்கு (ஒளி ஒரு வருடத்தில் போகும் தூரம்தான் ஒளியாண்டு) அப்பால். சில மாதம் பகலிலும் தெரியும், அவ்வளவே. ஏறத்தாழ 50 ஒளியாண்டுக்குள் வெடித்தால்தான் நம் ஓசோன் படலத்துக்குக் கவலை; அந்தத் தூரத்துக்குள் அப்படி வெடிக்கக் காத்திருக்கும் நட்சத்திரம் எதுவும் இல்லை.

சூரியன்? அதற்கு வெடிக்கும் அளவுக்கு நிறை போதாது. சிவந்து வீங்கி, மேலுறையை உதறி, எரிபொருள் தீர்ந்த, சிறிய, அடர்ந்த மிச்சமாக, அதாவது வெண்குறுமீனாகச் சுருங்கும். வெண்குறுமீன் சூரியனின் 1.4 மடங்கு நிறைக்கு மேல் தாங்காது என்ற கணக்கை 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறியபோது போடத் தொடங்கியவர், நம் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த இயற்பியலாளர் சந்திரசேகர். 1983இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பள்ளிகளில் இதைச் சொன்னால் பாதிப் பிள்ளைகளுக்குப் புதுச் செய்தி!

பயமுறுத்தும் செய்தியை அனுப்புகிறவர்கள் அதே நேரத்தில் மாடிக்குப் போகலாம். மார்கழி ராத்திரி எட்டரை மணிக்குக் கிழக்கே கடல் பக்கம் திரும்பினால், வரிசையாக மூன்று நட்சத்திரம். அதற்கு இடப்பக்கம் சிவப்பாக மின்னுவது திருவாதிரை. வலப்பக்கத்தில், சற்றுத் தள்ளி, புதிய நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கும் வாயு, தூசி மேகமான ஓரியன் நெபுலா. அண்ணாந்து பார்த்தால், இன்னும் இளமை மாறாத கார்த்திகைக் கூட்டம். பக்கத்திலேயே வீங்கிச் சிவந்துவிட்ட ரோகிணி. பிறப்பிலிருந்து முதுமை வரை ஒரே வானத்தில் இருக்கிறது.

நெபுலாவுக்கு மட்டும் பைனாகுலர் தேவை. துறைமுக விளக்கு நேராகக் கண்ணில் படாத மூலையாகப் பார்த்து நில்லுங்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது ஆகும். அதுவரை செல்போனைத் திறக்க வேண்டாம்.