சுவிசேஷம், நற்செய்தி: ஒரு சொல் விளக்கம்

கல்யாணமாகிச் சில மாதம் ஆன பெண்ணைப் பார்த்தால் ஊரில் கேட்கும் முதல் கேள்வி, “என்னம்மா, ஏதாவது விசேஷம் உண்டா?” என்பதுதான். அந்த விசேஷத்தோடு, ‘நல்ல’ என்று பொருள்படும் ‘சு’ என்ற வடமொழி முன்னொட்டு சேர்ந்ததே, கிறிஸ்தவர்களாகிய நாம் சொல்லும் சுவிசேஷம். வடமொழியில் விசேஷம் என்றால் சிறப்பு, தனித்தன்மை. தமிழ், மலையாளப் பேச்சில் அது ‘புதுச் சேதி’ என்ற பொருளையும் எடுத்துக்கொண்டது. ஆக, சுவிசேஷம் என்றால் நல்ல சேதி. மலையாளத்தாருக்கும் இதே சொல்தான். தெலுங்கில் ‘சுவார்த்த’ என்பார்கள்.

மூலச் சொல் கிரேக்கத்தில் ‘எவாங்கெலியோன்’. பழைய கிரேக்கத்தில், நல்ல சேதி கொண்டு வந்தவனுக்குக் கொடுத்த வெகுமதிக்கு அந்தப் பெயர். பிறகு சேதிக்கே பெயரானது. துருக்கியில் பிரியேனே என்ற பழைய நகரில் கிடைத்த கி.மு. 9ஆம் ஆண்டுக் கல்வெட்டு, ரோமப் பேரரசர் அகஸ்துவின் பிறந்தநாளை உலகத்துக்கு நற்செய்திகளின் தொடக்கம் என்கிறது. “இயேசு கிறிஸ்துவினுடைய சுவிசேஷத்தின் ஆரம்பம்” என்று, இயேசுவின் வாழ்க்கையை எழுதிய மாற்கு தன் நூலைத் தொடங்கியபோது, அது எவ்வளவு துணிச்சலான வரி என்று அன்று வாசித்தவர்களுக்குப் புரிந்திருக்கும்.

சரி, தமிழ்ச் சொல்? நற்செய்தி. இது கத்தோலிக்கர் கொண்டு வந்த புதுச்சொல் என்று நம் சபைகளில் சிலர் நினைக்கிறார்கள். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் ‘மத்தேயு நற்செய்தி’ என்று தலைப்பிட்டது உண்மைதான். ஆனால் நாம் ஆலயத்தில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பிலேயே இந்தச் சொல் இருக்கிறது. பெத்லகேம் மேய்ப்பர்களிடம் தேவதூதன், “மிகுந்த சந்தோஷத்தை உண்டாக்கும் நற்செய்தியை” அறிவிக்கிறேன் என்றுதான் சொல்கிறான்.

எனக்கு இதில் ‘செய்தி’ என்ற பகுதிதான் மிகவும் பிடிக்கும். பழந்தமிழில் செய்தி என்றால் செய்யப்பட்டது. புறநானூற்று 34ஆம் பாட்டில் ஆலத்தூர் கிழார், “செய்தி கொன்றோர்க்கு உய்தி இல்” என்கிறார். ஒருவர் செய்த நன்மையை மறந்தவருக்கு மீட்சி இல்லை என்று பொருள். அப்படிப் பார்த்தால் நற்செய்தி அறிவிப்பது என்பது, நமக்கு ஒருவர் செய்த நன்மையை மறக்காமல் எடுத்துச் சொல்வது. புத்திமதி சொல்வதோ, அடுத்தவர் நம்பிக்கையைக் குறை சொல்வதோ இந்தச் சொல்லுக்குள் வரவே வராது.

பழைய ஏற்பாட்டில் இதை இரண்டாம் இராஜாக்கள் 7ஆம் அதிகாரம் போல விளக்கும் இடம் வேறில்லை. சமாரியாவைச் சீரியர் முற்றுகையிட்டிருக்கிறார்கள். ஊருக்குள் கொடும் பஞ்சம். வாசலுக்கு வெளியே இருந்த நான்கு குஷ்டரோகிகள், எப்படியும் சாகத்தானே போகிறோம் என்று எதிரியின் பாளயத்துக்குப் போகிறார்கள். அங்கே ஒருவனும் இல்லை. புசிக்கிறார்கள், குடிக்கிறார்கள், வெள்ளியையும் பொன்னையும் வஸ்திரங்களையும் எடுத்து ஒளித்துவைக்கிறார்கள். இரண்டாவது கூடாரமும் முடிந்த பிறகுதான் மனசு உறுத்துகிறது: “நாம் செய்கிறது நியாயமல்ல, இந்நாள் நற்செய்தி அறிவிக்கும் நாள்.” எபிரெயத்தில் அங்கே ‘பெசோரா’ என்ற சொல் இருக்கிறது. மலைகளின்மேல் வரும் சுவிசேஷகனுடைய பாதங்கள் அழகானவை என்று ஏசாயா பாடுகிறாரே, அதுவும் இதே வேர்தான். அந்த நால்வருக்கு வேதப்பள்ளி கிடையாது, பட்டம் கிடையாது. வயிறு நிறைந்திருந்தது, உள்ளே ஊர் பசித்திருந்தது. சொந்தத் தெருவில் பேசத் தயங்கும் நாட்களில் நான் திரும்பத் திரும்ப வாசிப்பது இந்தப் பகுதியைத்தான்.

வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912இல் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லின் பேராயரான வேதநாயகம் சாமுவேல் அசரியா, புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்களைத் தங்கள் தலையில் கைவைத்து, சுவிசேஷத்தை நான் அறிவிக்காவிட்டால் எனக்கு ஐயோ என்ற பவுலின் சொல்லைச் சொல்ல வைப்பார். இதைக் குருமாருக்கு மட்டும் வைக்கவில்லை, எழுதப் படிக்கத் தெரியாத விவசாயக் கூலிகளுக்கும் வைத்தார்.

அப்புறம், எந்தச் சொல்லைப் பயன்படுத்துவது? ஜெபத்திலும் பாட்டிலும் சுவிசேஷம் இருக்கட்டும். பல தலைமுறையாக நாவில் ஊறிய சொல். பக்கத்து வீட்டு அக்காவிடம் பேசும்போதும், கைப்பிரதி அச்சடிக்கும்போதும் நற்செய்தி என்பதே என் தேர்வு. விளக்கம் இல்லாமலே புரியும். ‘சுவிசேஷகர்’ என்பதற்கு நற்செய்தியாளர், ‘சுவிசேஷ ஊழியம்’ என்பதற்கு நற்செய்திப் பணி.

பிசாசுகள் நீங்கிய மனுஷன் தன்னோடு வருகிறேன் என்று கேட்டபோது இயேசு அவனைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. “உன் இனத்தாரிடத்தில் உன் வீட்டிற்குப்போய்”, கர்த்தர் உனக்குச் செய்தவைகளை அறிவி என்றார். அவனும் தெக்கப்போலி நாட்டில் போய் அதைத்தான் சொன்னான்.