தலைக்குக் குளித்த நாளிலிருந்து எண்ணாதீர்கள்

கல்யாணமாகி இரண்டு வருடம், இன்னும் குழந்தை இல்லை. கையில் தடித்த ஃபைல், உள்ளே மூன்று இடத்தில் எடுத்த ஸ்கேன், தைராய்டு, சர்க்கரை எல்லாம் நார்மல். ‘மாதத்தில் எத்தனை தடவை சேர்ந்திருக்கிறீர்கள்?’ என்று கேட்டால் மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். பிறகு பதில் வரும்: “பதினாலாம் நாள் கரெக்டா இருக்கோம் டாக்டர்.” எதிலிருந்து பதினாலு? “தலைக்குக் குளிச்ச நாள்ல இருந்து.”

இந்தப் பதிலை இன்னும் எத்தனை பேரிடம் கேட்பது? அதனால்தான் எழுதிவிடுகிறேன்.

மாதவிடாய்க் கணக்கில் முதல் நாள் என்பது ரத்தப்போக்கு சரியாகத் தொடங்கும் நாள். அதற்கு முன்னால் லேசாகப் படும் கறை கணக்கில் சேராது. நம் வீடுகளிலோ மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் என்று தலைக்குக் குளித்த பிறகுதான் எண்ணத் தொடங்குகிறார்கள். 28 நாள் சுழற்சி உள்ள பெண் நான்காம் நாள் குளித்து, அதையே ஒன்று என்று வைத்தால், அவருடைய ‘பதினாலாம் நாள்’ உண்மையில் 17-ஆம் நாள். சினைமுட்டை 14-ஆம் நாள் வாக்கில் வெளியே வந்திருக்கும். அதன் ஆயுள் 12 முதல் 24 மணி நேரம்தான். பந்தி முடிந்து இலையெடுத்த பிறகு போய் உட்காருவது போலத்தான் இது. இரண்டு வருடம் மாதம் தவறாமல் இப்படி உட்கார்ந்தவர்கள் உண்டு.

சரியாக எண்ணினாலும் பதினாலு என்பது எல்லாருக்கும் பொது எண் கிடையாது. முட்டை வெளியாகும் நாளைப் பின்னாலிருந்து எண்ண வேண்டும்: அடுத்த மாதவிடாய்க்கு ஏறக்குறைய 14 நாள் முன்பு. சுழற்சி 35 நாள் என்றால் 21-ஆம் நாள் வாக்கில், 24 நாள் என்றால் 10-ஆம் நாள் வாக்கில். அடுத்த மாதவிடாய் என்றைக்கு வரும் என்பது வந்த பிறகுதானே தெரியும்! போன மாதம் 29, அதற்கு முந்தைய மாதம் 34 என்று வருபவர்களுக்குக் காலண்டர் எதற்கும் உதவாது.

வில்காக்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் குழு 1995-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றே போதும். 221 பெண்களைப் பின்தொடர்ந்து பார்த்ததில், முட்டை வெளியாகும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாளுமாக ஆறு நாளுக்குள் சேர்ந்திருந்தவர்களுக்கே கரு உண்டானது. மறுநாள் சேர்ந்ததால் யாருக்கும் உண்டாகவில்லை. காரணம் எளிது. விந்தணு உள்ளே ஐந்து நாள் வரை உயிரோடு காத்திருக்கும், முட்டை காத்திருக்காது. முன்னதாகப் போனால் பலன் உண்டு, தாமதித்தால் இல்லை.

ஆகவே மருந்துச் சீட்டில் எழுத வேண்டியது ஒரே வரி: ரத்தப்போக்கு நின்றதிலிருந்து இரண்டு, மூன்று நாளுக்கு ஒரு முறை. 28 நாள் சுழற்சிக்காரர்கள் 7, 9, 11, 13, 15 என்று இருந்தால் எந்தக் கணக்கும் தேவையில்லை. சுழற்சி நீளமானால் இதே இடைவெளியில் தொடர வேண்டியதுதான்.

இதைச் சொன்னதும் கணவர் நெளிவார். “அடிக்கடி இருந்தா தண்ணியாயிடாதா டாக்டர்? பத்து, பதினஞ்சு நாள் சேர்த்து வெச்சாத்தானே கெட்டியா வரும்?”

எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறுவது இங்கேதான். ஒரு சொட்டு விந்துக்கு இத்தனை சொட்டு ரத்தம் என்று லாட்ஜில் அறை போட்டு வைத்தியம் பார்ப்பவர்கள் பரப்பிய பயம் மூன்று தலைமுறையாக ஓடுகிறது. விந்து ரத்தத்திலிருந்து வடித்தெடுப்பதல்ல. அதில் பெரும்பகுதி விந்துப் பையிலும் புராஸ்டேட்டிலும் சுரக்கும் திரவம். விந்தணுக்கள் அதில் மிகச் சிறு பங்கு. விதைகள் நாள்தோறும் கோடிக்கணக்கில் விந்தணுக்களை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். வெளியேறாமல் தேங்கினால் பழசாகும், ஓட்டம் குறையும், உள்ளிருக்கும் மரபுப் பொருள் சிதையும். எண்ணிக்கை கூடியது போலத் தெரிந்தாலும் கூடியதில் பலவும் கிழடுதட்டியவை. குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால்தான் தெளிவு. தொட்டியில் பதினைந்து நாள் நின்றால் என்னவாகும் என்று உங்களுக்கே தெரியும்.

இந்தக் குழப்பத்துக்கு லேபும் ஒரு காரணம். விந்துப் பரிசோதனைக்கு முன் இரண்டு முதல் ஏழு நாள் வரை விலகியிருக்கச் சொல்வது, ஒருவர் அறிக்கையை இன்னொருவருடையதோடு ஒப்பிடத்தான். பரிசோதனைக்கான அந்த விதியைப் படுக்கையறைக்குக் கொண்டு போகாதீர்கள்.

விரதங்களும் இருக்கின்றன. செவ்வாய், வெள்ளி, சனி என்று வாரத்துக்கு மூன்று நாள். அதற்கு மேல் அமாவாசை, கிருத்திகை, பிரதோஷம். சஷ்டியில் இருந்தால் அகப்பையில் வரும் என்று நம்பி இருக்கிறவர்களை நான் தடுக்கப் போவதில்லை. ஆனால் எல்லா விரதத்துக்கும் தனித்தனியாகப் படுத்தால் அந்த ஆறு நாளில் மிஞ்சுவது எத்தனை? விரதம் சாப்பாட்டோடு நிற்கட்டும்.

முட்டை வெளியாகும் நாளைச் சிறுநீரில் பார்த்துச் சொல்லும் கிட் வாங்காமலே உடம்பு காட்டும் அடையாளம் ஒன்று உண்டு. முட்டை வெளியாவதற்கு முந்தைய சில நாள்களில் பிறப்புறுப்பில் வரும் நீர் மாறும். கழிப்பறையில் துடைக்கும்போது பாருங்கள்: வழக்கமாகப் பால் போல, பசை போல இருப்பது, நிறமில்லாமல், பச்சை முட்டையின் வெள்ளைக்கரு போல வழுவழுப்பாக இருக்கும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துப் பிரித்தால் அறாமல் நூலாக நீளும். விந்தணு நீந்திப் போவதற்கு உடம்பு திறந்துவிடும் வழி அது. இதை ‘வெள்ளைப்படுது’ என்று பயந்து, சூடு என்று வெந்தயம் குடித்து, மெடிக்கலில் மாத்திரை வாங்கி வைத்து, அந்த நாள்களில் கணவரையும் ஒதுக்கிவைக்கிறார்கள். அரிப்பு, நாற்றம், தயிர் போலத் திரிதல், பச்சை நிறம் இருந்தால் காட்டுங்கள். நூல் போல நீண்டால் சந்தோஷப்படுங்கள்.

கிட் வாங்கத்தான் வேண்டும் என்றால், சோதனைக் கோடு பக்கத்துக் கட்டுப்பாட்டுக் கோட்டின் அளவுக்கோ அதைவிடவோ அழுத்தமாக வந்ததிலிருந்து 24 முதல் 36 மணி நேரத்தில் முட்டை வெளியாகும் என்று பொருள்; மங்கலான இரண்டாம் கோடு கணக்கில் சேராது. பி.சி.ஓ.எஸ். எனும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு இது பொய்யாகவும் காட்டும்.

அடுத்த புலம்பல்: “எல்லாம் வெளியே வந்துடுது டாக்டர்.” வரத்தான் செய்யும். விந்து வெளிவந்ததும் ஜெல்லி போல உறையும், பிறகு 15 முதல் 30 நிமிடத்தில் நீர்த்துவிடும். எழுந்து நிற்கும்போது தொடையில் வழிவது அந்த நீர்த்த திரவம். உள்ளே போக வேண்டியவை அதற்கு முன்பே கருப்பை வாயைத் தாண்டிவிட்டன. இடுப்புக்குத் தலையணை, சுவரில் கால், விடியும்வரை சிறுநீரை அடக்குவது எதுவும் தேவையில்லை. பத்து நிமிடம் படுத்திருந்தால் மனசுக்கு நிம்மதி என்றால் படுத்திருங்கள். சிறுநீர் வழி வேறு, இந்த வழி வேறு, போய்விட்டு வரலாம். எந்த நிலையில் சேர்ந்தால் ஆண் குழந்தை என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

உறவுக்குப் பிறகு சோப்பையும் கிருமிநாசினியையும் உள்ளே விட்டுக் கழுவுவது கெடுதல். வெளியே வெறும் தண்ணீர் போதும். வறட்சிக்கு எச்சிலையும் கடையில் கிடைக்கும் சாதாரண ஜெல்லையும் பயன்படுத்தாதீர்கள், விந்தணுவின் ஓட்டத்தை மந்தமாக்கும். கருத்தரிக்க முயல்பவர்களுக்கென்றே ஜெல் உண்டு, கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் அதுவும் வேண்டாம். வறட்சிக்குக் காரணம் அவசரம். கால் மணி நேரம் பேச்சுக்கும் தொடுதலுக்கும் கொடுத்தால் சரியாகும்.

எங்கள் தொழில் செய்கிற கெடுதலையும் சொல்லிவிடுகிறேன். ஃபாலிகுலர் ஸ்டடி, அதாவது முட்டை வளர்வதைக் கவனிக்கும் ஸ்கேன், பார்த்துவிட்டு “இன்னைக்கு ராத்திரி கண்டிப்பா இருக்கணும்” என்று சொல்லி அனுப்பினால், நைட் ஷிப்ட் முடிந்து வந்த மனிதருக்கு அன்றைக்குப் பார்த்துத்தான் விறைப்பு வராது. அது ஆண்மைக்குறைவு அல்ல, பரீட்சை பயம். அதற்கு மெடிக்கலில் தானாக மாத்திரை வாங்காதீர்கள். நெஞ்சு வலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவருக்கு அது உயிருக்கே ஆபத்து. இரண்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை என்ற பழக்கம் இருந்தால் ஒரு ராத்திரி தவறினாலும் ஒன்றும் குடிமுழுகாது.

இன்னொன்று, யாரும் கேட்காதது. உறவு உண்மையிலேயே முழுமையாக நடக்கிறதா? வலி, பயம், தசை இறுகிக்கொள்வதால் இரண்டு வருடமாக உள்ளே நுழையவே முடியாத தம்பதிகளுக்குக் கருக்குழாய்ப் பரிசோதனை வரை எழுதிக்கொடுக்கப்படுகிறது. இது பயிற்சியாலும் ஆலோசனையாலும் குணமாகக்கூடியது. வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள்.

ஆண்களுக்குச் சுருக்கமாக. விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள். இன்று விட்ட சிகரெட்டின் பலன் மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும். இன்று வந்த கடும் காய்ச்சலின் பாதிப்பும் இரண்டு, மூன்று மாதம் வரை நீடிக்கலாம். விதைப்பை உடம்பின் சூட்டைவிட இரண்டு முதல் நான்கு டிகிரி குறைவாக இருக்க வேண்டும். மடியில் லேப்டாப், இறுக்கமான ஜீன்ஸ், அடுப்பு முன் பத்து மணி நேரம் நிற்கும் பரோட்டா மாஸ்டர் வேலை எல்லாம் அதைக் கெடுக்கும். இடையிடையே நகருங்கள், தளர்வாக உடுத்துங்கள். ஜிம்மில் யாரோ போட்டுவிடும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி மிக மோசம்: வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும் மூளை விதைகளுக்குக் கொடுக்கும் உத்தரவை நிறுத்திவிடும், எண்ணிக்கை பூஜ்யம் வரை இறங்கலாம். கை பெருத்து, கணக்கு காலியாகி வந்து நிற்பவர்கள் பலர். நிறுத்தினாலும் மீள மாதக்கணக்கில் ஆகும்.

பெண்கள் முயற்சி தொடங்கும் முன்பிருந்தே தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுங்கள். ருபெல்லா தடுப்பூசி போட்டால் ஒரு மாதம் கழித்தே முயற்சி.

வயது 35-க்குக் கீழே என்றால் ஒரு வருடம் முயன்று பாருங்கள். நூற்றில் 80-க்கு மேற்பட்ட தம்பதிகளுக்கு அதற்குள் தங்கிவிடும். 35 தாண்டியிருந்தால் ஆறு மாதம். மாதவிடாய் ஒழுங்கில்லாமல் வந்தாலோ, இடுப்புப் பகுதியில் அறுவை நடந்திருந்தாலோ, கணவருக்குப் பொன்னுக்கு வீங்கியில் விதை வீங்கியிருந்தாலோ காத்திருக்க வேண்டாம். வரும்போது இருவரும் வாருங்கள். விந்துப் பரிசோதனைதான் இருப்பதிலேயே எளிது, செலவும் குறைவு. அதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு மனைவியை மட்டும் ஸ்கேனுக்கு அனுப்பாதீர்கள். கடந்த ஆறு மாதத்தின் ரத்தப்போக்கு தொடங்கிய தேதிகளை எழுதிக் கொண்டுவாருங்கள், குளித்த தேதிகளை அல்ல. கூட வரும் அத்தையம்மா கொஞ்ச நேரம் வெளியே உட்காரட்டும். நான் கேட்கும் கேள்விகளுக்கு அவர் பதில் சொல்ல முடியாது.