மூளை ஸ்பெக்ட்ரோஸ்கோப்பி: அந்தக் கோட்டை எப்படி வாசிப்பது?

மூளையில் ஒரு கட்டி இருக்கிறது என்பதை எம்ஆர்ஐ எளிதாகக் காட்டிவிடும். அது என்ன கட்டி என்பதில்தான் சிக்கல். புற்றுக்கட்டி, காசநோய்க் கட்டி, சீழ்க்கட்டி மூன்றுமே சாயம் ஏற்றி எடுத்த படத்தில் ஒளிரும் வளையமாகத் தெரியலாம். சிகிச்சையோ மூன்றுக்கும் வேறு வேறு. இங்கேதான் எம்ஆர் ஸ்பெக்ட்ரோஸ்கோப்பி உதவிக்கு வருகிறது. அதே இயந்திரம், அதே காந்தம். ஆனால் கிடைப்பது படமல்ல. அந்த இடத்தில் என்னென்ன வேதிப்பொருள்கள் இருக்கின்றன என்று சொல்லும், ஏறி இறங்கும் ஒரு கோடு.

இயந்திரம் கேட்பது ஹைட்ரஜன் அணுக்களின் சிக்னலை. ஹைட்ரஜன் எந்த மூலக்கூறில் இருக்கிறதோ, அதற்கேற்ப அதைச் சுற்றியுள்ள எலக்ட்ரான்கள் காந்தப்புலத்தைக் கொஞ்சம் மறைக்கின்றன. அதனால் அதன் அதிர்வெண் இம்மியளவு மாறுகிறது. இந்த மாற்றத்தை பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு, என்ற அலகில் குறிக்கிறார்கள். காந்தத்தின் வலிமை 1.5 டெஸ்லாவானாலும் 3 டெஸ்லாவானாலும் ஒரு பொருளின் பிபிஎம் எண் மாறாது. நீருக்கு 4.7. மற்ற பொருள்களைவிட நீரின் சிக்னல் பல்லாயிரம் மடங்கு பெரியது என்பதால், முதலில் அதை அடக்கிவிட்டுத்தான் மற்றவற்றைப் பார்க்க முடியும்.

வரைபடத்தில் பூஜ்யம் வலது ஓரத்தில் இருக்கும். எண்கள் இடப்பக்கம் போகப் போகக் கூடும். 2.0-ல் நிற்கும் உயரமான பீக், அதாவது முகடு, என்ஏஏ (என்-அசிடைல் அஸ்பார்ட்டேட்). நரம்பணுக்கள் நலமாக இருப்பதன் அடையாளம் அது. 3.0-ல் கிரியேட்டின், ஆற்றல் கணக்கோடு தொடர்புடையது. அதிகம் மாறாததால் மற்றவற்றை இதோடு ஒப்பிடுவது வழக்கம். 3.2-ல் கோலின், செல் சவ்வு கட்டப்படுவதையும் சிதைவதையும் காட்டும். 3.5-ஐ ஒட்டி மயோ-இனோசிடால், நரம்பணுக்களுக்குத் துணையான கிளியா செல்களைச் சேர்ந்தது.

வளர்ந்தவரின் ஆரோக்கியமான மூளையில், இடப்பக்கமிருந்து பார்த்தால், இந்த பீக்குகள் என்ஏஏ வரை படிப்படியாக ஏறும். அவற்றின் உச்சிகளைத் தொட்டு ஒரு கோடு போட்டால் ஏறக்குறைய 45 டிகிரி சாய்வு வரும். இதை ஹண்டர் கோணம் என்பார்கள். சாய்வு தலைகீழானால், அதாவது கோலின் ஏறி என்ஏஏ விழுந்திருந்தால், கட்டியைச் சந்தேகிக்க வேண்டும். பிறந்த குழந்தைக்கு இந்த அளவுகோல் பொருந்தாது. அங்கே கோலின் உயர்ந்தும் என்ஏஏ தாழ்ந்தும் இருப்பதுதான் இயல்பு. வயதைப் பார்க்காமல் இந்தக் கோட்டை வாசிக்கவே கூடாது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் 1.3. ஆக்சிஜன் பற்றாத திசுவில் சேரும் லாக்டேட், திசு செத்துப்போனதைச் சொல்லும் லிப்பிட் (கொழுப்பு) இரண்டும் அங்கேதான் வந்து நிற்கும். பிரித்துப் பார்க்க ஒரு அழகான வழி இருக்கிறது. லாக்டேட்டின் பீக் 7 ஹெர்ட்ஸ் இடைவெளியில் இரட்டையாகப் பிளந்திருக்கும். எக்கோ நேரத்தை, அதாவது சிக்னலைப் பதியும் முன் காத்திருக்கும் நேரத்தை, 144 மில்லிசெகண்டாக வைத்தால் அந்த இரட்டை பீக் அடிமட்டத்துக்குக் கீழே கவிழ்ந்துவிடும். 288-க்குப் போனால் மறுபடி நிமிரும். லிப்பிட் கவிழாது, நேரம் கூடக் கூடத் தேய்ந்துபோகும்.

சரி, அந்த வளையத்துக்கு வருவோம். காசநோய்க் கட்டியில் 1.3-ல் லிப்பிட் பெரிதாக எழும், என்ஏஏ இருக்காது. சீழில் 1.9-ல் அசிடேட்டும், 2.4-ல் சக்சினேட்டும், 0.9-ல் அமினோ அமிலங்களும் தெரிந்தால் அது பாக்டீரியாவின் வேலை. வீரியமான புற்றுக்கட்டியின் நடுப்பகுதி செத்திருந்தால் அங்கேயும் லிப்பிட் வரும். ஆனால் அதன் விளிம்பில் கோலின் ஓங்கி நிற்கும். காசநோய்க் கட்டியிலும் சில சமயம் கோலின் ஏறுவதுண்டு. நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறை அழியும் நோய்களிலும் ஏறும். ஆகவே கோலின் ஒன்றை மட்டும் வைத்துப் புற்று என்று முடிவுகட்டக் கூடாது. படத்தையும் நோயாளியின் நிலையையும் சேர்த்தே பார்க்க வேண்டும்; சில நேரம் பயாப்ஸிதான் முடிவு சொல்லும்.

அளவெடுக்கும் சிறு பெட்டியை எங்கே வைத்தார்கள் என்பது இன்னும் முக்கியம். மண்டையோட்டை ஒட்டி வைத்தால் தலைத்தோலின் கொழுப்பு கலந்து, இல்லாத லிப்பிட் பீக் ஒன்று முளைத்துவிடும். காற்றறைகளுக்குப் பக்கத்தில் காந்தப்புலம் குலைந்து பீக்குகள் அகன்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கட்டியின் செத்த நடுவில் வைத்தால் விளிம்பின் கோலின் கண்ணுக்கே படாது. எதிர்ப்பக்கத்து நல்ல திசுவிலும் ஒருமுறை எடுத்து ஒப்பிட்டால் நல்லது. பெட்டி வைத்த இடத்தைக் காட்டும் படம் கூடவே இல்லையென்றால், பீக்குகள் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அந்த வரைபடத்தை வைத்து எதையும் சொல்ல நான் துணியமாட்டேன்.