புல்வெட்டியின் அடிவயிறு

அமெரிக்காவில் வீடு வாங்கும் நம்மவர்களுக்கு, வீட்டோடு சேர்ந்து வரும் தலைவலி புல்தரை. முதல் வருடம் ஆள் வைத்து வெட்டுவார்கள். ரசீதைப் பார்த்துவிட்டு இரண்டாம் வருடம் ஒரு லான் மோவர் வாங்குவார்கள். மூன்றாம் வருடம், "முன்ன மாதிரி வெட்ட மாட்டேங்குது" என்று புலம்புவார்கள். என் கதையும் அதுதான். எஞ்சின் நன்றாகத்தான் ஓடியது. ஆயில் மாற்றினேன், ஸ்பார்க் பிளக் மாற்றினேன். ஆனாலும் போன வழியெல்லாம் வெட்டாத புல் கீற்றுக் கீற்றாக நின்றது. வெட்டிய புல்லோ பைக்குள் போகாமல் ஈர உருண்டைகளாக அங்கங்கே விழுந்தது. கடைசியில் வண்டியைச் சாய்த்து அடியில் பார்த்தேன். பிளேடைச் சுற்றியிருந்த இரும்புக் கூட்டுக்குள் இரண்டு அங்குலத் தடிமனுக்குப் பச்சையும் கறுப்புமாக அப்பிக் கிடந்தது, வறட்டி தட்டிய சுவர் மாதிரி.

அந்தக் கூட்டுக்குப் பெயர்தான் டெக். கல்லும் பிளேடும் காலில் படாமல் தடுக்கும் தகர மூடி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். தடுப்பதும் அதன் வேலைதான், ஆனால் பாதி வேலை. மீதிப் பாதியில் அது ஒரு விசிறியின் கூடு. எஞ்சின் எவ்வளவு திடமாக இருந்தாலும் கூடு அடைத்துக்கொண்டால் வெட்டு கெட்டுவிடும்.

கையால் தள்ளும் வண்டியில் டெக்கைத் தேட வேண்டியதில்லை. சக்கரம், எஞ்சின், கைப்பிடி எல்லாமே அதன்மேல்தான் மாட்டியிருக்கும். வண்டியின் உடம்பே அதுதான். உட்கார்ந்து ஓட்டும் வண்டியில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே, வயிற்றுக்கு அடியில் தொட்டில் மாதிரி தொங்கும். பூங்காக்களில் ஓடும் பெரிய வண்டிகள் சிலவற்றில் மூக்குக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும்; மரத்தடியிலும் வேலி ஓரத்திலும் நுழைத்து வெட்ட அது வசதி.

உள்ளே என்ன நடக்கிறது? அரிவாளால் புல் அறுக்கும்போது இடது கை புல்லைக் கொத்தாகப் பிடித்துக்கொள்கிறது. கத்தரிக்கோலில் ஓர் அலகு தாங்க, மறு அலகு வெட்டுகிறது. லான் மோவரில் புல்லைப் பிடிக்க ஆளில்லை, தாங்க அலகும் இல்லை. சின்ன வயதில் குச்சியை வீசிச் செடிகளின் தலையைக் கொய்தவர்களுக்கு இதன் ரகசியம் தெரியும். மெல்ல வீசினால் செடி வளைந்து கொடுத்துவிடும். விஷ்க்கென்று வீசினால் தலை தனியாகப் பறக்கும். வளைந்து ஒதுங்குவதற்கு அதற்கு நேரம் கிடைப்பதில்லை. இருந்த இடத்திலேயே இருக்க முயலும் அதன் நிலைமமே அந்த நொடியில் இடது கையாக நின்று அதைப் பிடித்துக்கொடுக்கிறது.

அதற்கு எவ்வளவு வேகம் வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சாதாரணத் தள்ளுவண்டியின் பிளேடு 21 அங்குலம், அதாவது சுமார் 53 செ.மீ. நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் நொடிக்கு 50 சுற்று. ஒரு சுற்றில் நுனி 1.67 மீட்டர் போகிறது. ஆக நொடிக்கு 83 மீட்டர், மணிக்கு 300 கி.மீ. நம் காலுக்குக் கொஞ்சம் முன்னால் இதைத்தான் தள்ளிக்கொண்டு போகிறோம். அமெரிக்கத் தரநிலை, நுனியின் வேகம் நிமிடத்துக்கு 19,000 அடியைத் தாண்டக் கூடாது என்று வரம்பு கட்டியிருக்கிறது. அது மணிக்கு 347 கி.மீ. பிளேடு நீளமாக நீளமாகச் சுற்று வேகத்தைக் குறைக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

முதலில் வந்த இயந்திரம் இந்த வகையே அல்ல. 1830இல் இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் பகுதியைச் சேர்ந்த எட்வின் பட்டிங் காப்புரிமை பெற்ற புல்வெட்டி, கத்தரிக்கோல் சாதி. கம்பளித் துணி ஆலைகளுக்குப் பேர்போன வட்டாரம் அது. துணியின் மேல் எழும்பி நிற்கும் பிசிறுகளைச் சுழலும் கத்திகள் மழிப்பதைப் பார்த்தவர், அதையே புல்லுக்குச் செய்தார். உருளையில் சுழலும் கத்திகள், கீழே அசையாமல் நிற்கும் ஒரு பட்டையோடு சேர்ந்து நறுக்கும். கோல்ஃப் மைதானத்தில் குழியைச் சுற்றியுள்ள பட்டுப் புல்லுக்கு இன்றும் உருளை வண்டிதான். படுக்கைவாட்டில் சுழலும் பிளேடு வீட்டுக்கு வீடு வந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. சிட்னியில் மெர்வின் விக்டர் ரிச்சர்ட்சன் 1952இல் செய்த முதல் மாதிரியில் பெட்ரோல் டேங்காக மாட்டியது ஒரு பீச் பழ டின்னை. அதுதான் பிறகு விக்டா என்ற பெயரில் ஆஸ்திரேலியா முழுக்கப் பரவியது.

பிளேடைக் கழற்றிக் கையில் எடுத்துப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். கூர் இருப்பது இரண்டு நுனிகளிலும் முன் விளிம்பில் மட்டும், சில அங்குல நீளத்துக்கு. பின் விளிம்பு மேல்நோக்கி மடங்கிச் சிறகு போல நிற்கும். வெட்டுவதற்கும் அந்த மடிப்புக்கும் சம்பந்தமில்லை. அது காற்றை மேலே தள்ளும் விசிறி இறக்கை. சக்கரம் மிதித்துச் சாய்ந்து கிடக்கும் புல், மேலே ஏறும் அந்தக் காற்றில் நிமிர்ந்து நிற்கும், நின்றால்தான் வெட்டுப்படும். வெட்டுப்பட்ட துண்டுகளும் அதே காற்றில் ஏறி, டெக்கின் வளைந்த சுவரோடு ஓடி, வாய் வழியாக வெளியேறும் அல்லது பைக்குள் விழும்.

புல்லைத் தூளாக்கித் தரையிலேயே உரமாக விடும் வகையும் உண்டு. நம் வீட்டு மிக்ஸி ஜாரை நினைத்துக்கொண்டால் போதும். அடியில் பிளேடு, சுற்றிலும் சுவர். மேலே எறியப்பட்டது சுவரில் மோதித் திரும்பவும் பிளேடுக்கே வரும். மிக்ஸியில் ஜார் நிறையத் தேங்காயைத் திணித்தால் அடியில் மட்டும் அரைபட்டு மேலே அப்படியே நிற்குமே, கூடு அடைத்த மோவரிலும் அதே கதைதான்.

காற்றின் பலத்தை நம்பாதவர்களுக்கு ஃப்ளைமோ என்ற புல்வெட்டியைக் காட்டலாம். 1960களில் சுவீடன்காரர் கார்ல் டால்மன், நீரிலும் நிலத்திலும் மிதந்து போகும் ஹோவர்கிராஃப்டைப் பார்த்துவிட்டு, பிளேடுக்கு மேல் ஒரு விசிறியை வைத்துக் காற்றைக் கீழ்நோக்கித் தள்ளினார். வண்டிக்குச் சக்கரமே இல்லை; டெக் காற்று மெத்தையில் மிதக்கும்.

சரி, கூடு ஏன் அடைக்கிறது? புல்லில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். நொறுங்கும்போது கசியும் சாறும் நாரும் சேர்ந்து பசையாகும். காலைப் பனி காய்வதற்குள் வெட்டினால் இன்னும் மோசம். முதல் படலம் ஒட்டியதும் அடுத்தது அதன்மேல் சுலபமாக ஒட்டும். காற்று ஓடும் வழி குறுகக் குறுக வேகம் குறையும், குறைந்தால் இன்னும் ஒட்டும். அந்த அப்பல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் பெயிண்ட் உரிந்த இடமெல்லாம் துரு அரிக்கும். டெக் ஓட்டையாகி வண்டியைத் தூக்கிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். எஞ்சின் அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

இதைச் சுரண்டக் கை வைப்பதற்கு முன் ஸ்பார்க் பிளக்கின் தொப்பியைப் பிடுங்கி, பிளக்கைத் தொடாதபடி ஒதுக்கிக் கட்ட வேண்டும். "எஞ்சின்தான் ஆஃப் ஆயிற்றே, சாவிகூட இல்லாத வண்டி" என்று நினைப்பதில்தான் ஆபத்து. தள்ளுவண்டியில் பிளேடு, எஞ்சின் சுழற்றும் கிராங்க் தண்டோடு நேராக முடுக்கப்பட்டிருக்கிறது. தண்டின் கீழ் முனையில் பிளேடு, மேல் முனையில் ஃப்ளைவீல் என்ற கனத்த சக்கரம். ஃப்ளைவீலின் விளிம்பில் ஒரு காந்தம் பதித்திருக்கும். அது பக்கத்தில் உள்ள கம்பிச்சுருளைக் கடக்கும்போதெல்லாம் சுருளில் மின்சாரம் பிறந்து, பல ஆயிரம் வோல்ட்டாகப் பெருகி, பிளக்கில் பொறியாகத் தெறிக்கும். மேக்னெட்டோ என்பது இதுதான். பேட்டரி தேவையில்லை, சுழற்சி இருந்தால் போதும். கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்வதும் இந்த ஏற்பாட்டைச் சுழற்றிவிடத்தான். பிளேடைக் கையால் சுழற்றுகிறவர், தெரியாமலே கயிற்றை இழுக்கிறார்.

கைப்பிடியில் உள்ள கம்பியை விட்டால் சுருள் எஞ்சினின் உடம்போடு இணைந்து பொறி வராது என்பது உண்மை. ஆனால் அதைச் செய்வது ஒற்றை ஒயர். அது அறுந்திருந்தால் வெளியே தெரியாது. சிலிண்டருக்குள் மிச்சமிருக்கும் பெட்ரோல் ஆவிக்கு ஒரு பொறி போதும். பொறியே வராவிட்டாலும் இன்னொன்று உண்டு: பிளேடைத் திருப்பும்போது பிஸ்டன் உள்ளிருக்கும் காற்றை அமுக்கும், அமுங்கிய காற்று திருப்பி உதைக்கும், பிளேடு விருட்டென்று பின்னால் வரும். பிளக்கையே கழற்றிவிட்டால் காற்று ஓட்டை வழியே போய்விடும், அந்த உதையும் இருக்காது. பேட்டரி வண்டி என்றால் பேட்டரியை உருவித் தனியே வைக்க வேண்டும். கரண்டில் ஓடுவது என்றால் பிளக் பாயிண்டிலிருந்து கழற்ற வேண்டும்.

1982 ஜூன் 30க்குப் பின் அமெரிக்காவில் விற்பனைக்காகச் செய்யப்படும் தள்ளுவண்டிகளில் கைப்பிடியை விட்ட 3 நொடிக்குள் பிளேடு நின்றாக வேண்டும் என்பது சட்டம். மூன்று நொடி சின்னதாகத் தெரியலாம். முழு வேகத்தில் இருந்த பிளேடு அதற்குள் இன்னும் பல டஜன் சுற்று சுற்றிவிடும். வாயில் புல் அடைத்துக்கொண்டது என்று அவசரத்தில் கையை விடுகிறவர்கள் விரலைப் பறிகொடுப்பது இங்கேதான்.

அடுத்தது சாய்ப்பது. ஏர் ஃபில்டர் வானத்தைப் பார்க்கும்படி சாய்க்க வேண்டும். நான் முதல் தடவை ஃபில்டர் தரையைப் பார்க்கச் சாய்த்துவிட்டேன். ஆயில் ஃபில்டருக்குள்ளும் சிலிண்டருக்குள்ளும் இறங்கிவிட்டது. திரும்ப ஸ்டார்ட் செய்தபோது வெள்ளையும் நீலமுமாகக் கிளம்பிய புகையைப் பார்த்து, எதிர்வீட்டுக்காரர் தண்ணீர்க் குழாயோடு ஓடிவந்தார். பெட்ரோலும் மூடியின் காற்றுத் துளை வழியே ஒழுகும் என்பதால் டேங்க் காலியாகும் தறுவாயில் இந்த வேலையை வைத்துக்கொள்வது நல்லது.

சுரண்டுவதற்கு, பெயிண்ட் அடிப்பவர்கள் பட்டி பூசும் தகடு போதும். இரும்பை விட மரமோ பிளாஸ்டிக்கோ என்றால் டெக்கின் பெயிண்ட் பிழைக்கும். டெக்கின் மேலேயே குழாயை மாட்டித் தண்ணீர் பீய்ச்சும் வசதி சில வண்டிகளில் உண்டு. வெட்டிய கையோடு செய்தால் பலன் இருக்கும், காய்ந்து கெட்டியானதை அது அசைக்காது. கழுவியதும் கொஞ்ச நேரம் பிளேடை ஓடவிட்டு உலர்த்தாவிட்டால் துருவுக்கு விருந்து வைத்த மாதிரி ஆகும்.

பிளேடுக்கும் டெக்குக்கும் நடுவே ஒரு மரக்கட்டையைச் செருகினால் போல்ட்டைக் கழற்றும்போது பிளேடு கூடவே சுற்றாது. கெட்டியான கையுறை அவசியம். மழுங்கிய பிளேடு வெட்டிய புல்லை மறுநாள் குனிந்து பாருங்கள்: நுனி பிய்ந்து, வெளுத்த நாராகத் தொங்கும். கூரான பிளேடு வெட்டியது நேர்கோடாக இருக்கும். அரத்தால் பழைய சரிவிலேயே தீட்டினால் போதும். சவரக் கத்தி மாதிரி தீட்டினால் முதல் கூழாங்கல்லிலேயே மழுங்கும். சாணை பிடித்தால் விளிம்பு நீலம் பாரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நீலம் வந்த இடத்தில் எஃகின் உறுதி போய்விட்டது.

தீட்டிய பிறகு பிளேடின் நடு ஓட்டையைச் சுவரில் அடித்த ஆணியில் மாட்டிப் பார்ப்பது பழைய முறை, நல்ல முறை. தராசுபோல் சமமாக நிற்க வேண்டும். ஒரு பக்கம் இறங்கினால் அந்தப் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் அரம் போட வேண்டும். இதைப் பலர் வெட்டிவேலை என்று விட்டுவிடுகிறார்கள். ஒரு நுனியில் 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன் சர்க்கரை அளவு எடை கூடுதல் என்று வையுங்கள். நடுவிலிருந்து 25 செ.மீ. தள்ளி, நொடிக்கு 50 சுற்றில் அது வெளிநோக்கி இழுக்கும் விசை சுமார் 123 நியூட்டன். பன்னிரண்டரை கிலோ மூட்டையை ஒருவர் தண்டில் கட்டி நொடிக்கு 50 தடவை சுற்றிச் சுற்றி இழுப்பதற்குச் சமம். கைப்பிடி நடுங்குவது இதனால்தான். பேரிங் தேய்வதும் இதனால்தான். மாட்டும்போது சிறகு டெக்கைப் பார்க்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் கூர் இருந்தும் புல் வெட்டுப்படாது.

உட்கார்ந்து ஓட்டும் வண்டியின் டெக்கில் இரண்டு மூன்று பிளேடு இருக்கும், எல்லாம் ஒரே பெல்ட்டில். ஒன்றைத் திருப்பினால் மற்றதும் திரும்பும் என்பதை விரலுக்கு முன்பே மனசுக்குச் சொல்லிவைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காமல் டெக்கையே கழற்றி இழுப்பது மேல். சமதரையில் நிறுத்தி, பிரேக் போட்டு, சாவியை எடுத்து, டெக்கை அடிமட்டத்துக்கு இறக்கி, பெல்ட்டை எஞ்சினில் அது ஓடும் சக்கரத்திலிருந்து நழுவவிட்டு, டெக்கைத் தாங்கும் கைகளில் செருகியிருக்கும் பின்களை (ஊசிகளை) உருவினால் பக்கவாட்டில் இழுத்துவிடலாம். பல வண்டிகளில் டெக்கின் எடையைத் தாங்க ஒரு ஸ்பிரிங் இருக்கும். டெக் போனதும் தூக்கும் நெம்புகோலைத் தொட்டால், எடை இல்லாத ஸ்பிரிங் அதை மேலே வெடுக்கென்று எறியும்.

திரும்ப மாட்டியதும் மட்டம் பார்க்க வேண்டும். அதற்கும் முன்னால் டயர் காற்று. ஒரு டயர் தளர்ந்திருந்தால் டெக்கும் அந்தப் பக்கம் சாயும், பிறகு எவ்வளவு அளந்தாலும் வீண். இடமும் வலமும் ஒரே உயரம். பிளேடின் முன் நுனி மட்டும் பின் நுனியை விட 3 முதல் 6 மி.மீ. தாழ்ந்திருக்கலாம். அப்போது முன்னால் வரும் நுனி வெட்டியதைப் பின் நுனி மறுபடி வெட்டாது. எஞ்சினுக்குச் சுமை குறையும். துல்லியமான அளவு வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும்.

உருவிய பின்களைப் புல்லில் வைக்காதீர்கள். கொண்டை ஊசி மாதிரி வளைந்த அந்தச் சின்னக் கம்பி ஒன்றை நான் தொலைத்து, ஒரு மணி நேரம் காந்தத்தைக் கயிற்றில் கட்டி இழுத்துத் தேடினேன். கிடைத்தது மூன்று ஆணி, ஒரு பாட்டில் மூடி. பின் மட்டும் கிடைக்கவில்லை. அடுத்த வாரம் வெட்டும்போது டெக்குக்குள் டங்கென்று ஒரு சத்தம் கேட்டது.