பல்வழிப் பரவல்: ஒரு சொல் விளக்கம்

ஓர் அலைபரப்பியிலிருந்து கிளம்பும் வானொலி அலை நேராகவும் வரும். மலை, சுவர், நீர்ப்பரப்பு ஆகியவற்றில் பட்டுத் திரும்பியும் வரும். ஒரே அலை இப்படிப் பல வழிகளில் ஒரே ஏற்பியை வந்தடைவதற்குப் பல்வழிப் பரவல் என்று பெயர். ஆங்கிலத்தில் மல்டிபாத்.

நெல்லைச் சீமையில் நாற்பது வயதைத் தாண்டியவர்கள் பலர் இதைக் கண்ணாலேயே பார்த்திருப்பார்கள். கல்லிடைக்குறிச்சியில் எங்கள் வீட்டுத் தட்டட்டியில் ஏறி நின்று சித்தப்பா ஆண்டெனாவைத் திருப்புவார். கீழே டிவி முன்னால் நான்.

“இப்பம் பாருல!”

“இன்னும் நிழலடிக்கு சித்தப்பா!”

செய்தி வாசிப்பவருக்கு வலப்பக்கம், இரண்டு விரல் தள்ளி, மங்கலாக இன்னொருவர் உட்கார்ந்து அதே செய்தியை வாசிப்பார். கோபுரத்திலிருந்து நேரே வந்த அலை முதல் உருவம். மேற்கே மலைச் சரிவில் பட்டுத் திரும்பியது இரண்டாம் உருவம். வானொலி அலை ஒரு மைக்ரோநொடியில் 300 மீட்டர் போகும். பழைய டிவி, ஒரு கோட்டில் படம் தெரியும் பகுதியை 52 மைக்ரோநொடியில் வரையும். மலையைத் தொட்டு வந்த அலை ஒன்றரைக் கிலோமீட்டர் கூடுதலாக நடந்திருந்தால் 5 மைக்ரோநொடி பிந்தும், 40 செ.மீ. அகலத் திரையில் நிழல் ஏறத்தாழ 4 செ.மீ. தள்ளி விழும். ஆங்கிலேயர் இதைக் கோஸ்ட், அதாவது பேய் என்றார்கள். நம் வீடுகளில் சொன்ன ‘நிழல்’ அதைவிட நல்ல சொல். ஆனால் அது விளைவின் பெயர். காரணத்துக்கு வேறு சொல் வேண்டும்.

மல்டி என்பது ‘பல’ என்னும் பொருளுள்ள இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பாத் பழைய ஆங்கிலச் சொல்; வழி, தடம். தமிழில் பல்வகை, பல்வேறு என்பவற்றைப் போலப் பல்வழி. ‘பன்வழி’ என்று எழுதுவது பிழை. பன்முகம், பன்மொழி என்பவற்றில் பின்னால் மெல்லினம் வருவதால்தான் ல் ன் ஆகிறது. வகரத்தின் முன் ல் அப்படியே நிற்கும்.

திரும்பி வருவதற்கு என்ன சொல்வது? நம் பாடநூல்கள் எதிரொளிப்பு என்கின்றன. கண்ணாடிக்கும் ஒளிக்கும் அது பொருந்தும். கண்ணுக்குத் தெரியாத வானொலி அலைக்குள் ‘ஒளி’யைக் கொண்டுவருவது எனக்கு உறுத்துகிறது. இலங்கைப் பாடநூல்களில் இதற்குத் தெறிப்பு என்று பெயர். சுவரில் பட்ட பந்தும் தெறிக்கும், பாறையில் விழுந்த அருவியும் தெறிக்கும். ஒரு காலத்தில் கடல் தாண்டி வந்த இலங்கைத் தொலைக்காட்சி ரூபவாஹினியை நம் தென்கரை ஆண்டெனாக்கள் பிடித்தன. இந்தச் சொல்லையும் அப்படியே பிடித்துக்கொள்ளலாம் என்பேன்.

நெடுங்காலம் பொறியாளர்களுக்குத் தெறிப்பு ஒரு தொல்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலையின் நீளம் 12.5 செ.மீ. இரண்டு வழிகளுக்கும் 6.25 செ.மீ. வேறுபாடு இருந்தால் ஒன்றின் முகடு மற்றதன் பள்ளத்தில் விழுந்து சிக்னல் தேயும். வீட்டுக்குள் ஒரு சாண் நகர்ந்தாலே வேகம் மாறுவது இதனால்தான்.

அந்தத் தொல்லையே மூலதனமானது 1990களில். பொள்ளாச்சியில் 1944இல் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் தாமஸ் கைலாத்துடன் சேர்ந்து 1992இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1994இல் கிடைத்தது. பல ஆண்டெனாக்களிலிருந்து ஒரே அலைவரிசையில் வெவ்வேறு செய்திகளை ஒரே நேரத்தில் அனுப்பி, பல ஆண்டெனாக்களால் வாங்கிப் பிரித்தெடுக்கும் முறை அது. மைமோ என்பார்கள்.

கலந்து வருவதை எப்படிப் பிரிப்பது? நயினார்குளம் மார்க்கெட்டுக்குப் போவோம். 2 கிலோ கத்தரியும் 1 கிலோ வெண்டையும் 130 ரூபாய். அடுத்த பையில் 1 கிலோ கத்தரி, 3 கிலோ வெண்டை, 190 ரூபாய். கத்தரி 40, வெண்டை 50 என்று கணக்குப் போட்டுவிடலாம். இரண்டாம் பையில் 4 கிலோ கத்தரியும் 2 கிலோ வெண்டையுமாக 260 ரூபாய் என்றால் முடியாது. அது முதல் பையின் இரட்டிப்பு, புதிதாக எதுவும் சொல்லவில்லை. வாங்கும் ஒவ்வொரு ஆண்டெனாவும் ஒரு பை. காய்களின் விலைதான் அனுப்பிய செய்திகள், கிலோ அவை கலந்த அளவு. தடையில்லாத வெட்டவெளியில், தூரத்திலிருந்து வரும்போது எல்லா ஆண்டெனாவுக்கும் ஏறக்குறைய ஒரே கலவைதான் கிடைக்கும். சுவரும் பீரோவும் தெறிக்கவைப்பதால்தான் கலவைகள் வேறுபடுகின்றன. கணக்குக்கு விடை கிடைக்கிறது. பையில் எத்தனை கிலோ என்பதை அறிய, ஏற்பிக்கு முன்பே தெரிந்த குறிகளை அனுப்பிப் பார்க்கிறார்கள். இந்த வழியில் 2009இல் வந்த 802.11என் வைஃபை தரம், ஒரே நேரத்தில் ஓடும் 4 செய்தி ஓடைகளில் நொடிக்கு 600 மெகாபிட் வரை அனுப்ப இடம் கொடுத்தது.

மைமோவை ‘பல்லுள்ளீடு பல்வெளியீடு’ என்று பெயர்க்கலாம். வாயில் நுழைவது கடினம். மைமோ என்றே எழுதி, ‘பல ஆண்டெனா முறை’ என்று ஒருமுறை விளக்கிவிட்டால் போதும். பல்வழிப் பரவலை மட்டும் தமிழிலேயே எழுதுங்கள். எடுத்துக்காட்டு: “மலையடிவாரத்தில் பல்வழிப் பரவல் மிகுதி, தெறித்த அலையும் மைமோவுக்கு உதவும்.”